தூளியை விட்டுப் பாய்க்கு மாறிய 3 வயது மகள் இரவு 11.30 வரை உறங்குவதில்லை; என்ன செய்யலாம்?

கேள்வி: திருப்பூர்த் தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 3 வயதும் 2 மாதங்களும் ஆகின்றன. பிறந்த நாள் முதல் கடந்த தை மாதம் வரை பழைய நூல்சேலையில் கட்டிய தூளியிலேயே உறங்கிப் பழகியவள். எடை 14 கிலோவைத் தாண்டிவிட்டது. ஒரு நாள் தூளிக்குள்ளேயே எழுந்து நின்று தலைகுப்புற விழப் பார்த்தாள். அன்றே தூளியை அவிழ்த்துவிட்டு, கூடத்தை ஒட்டிய அறையில் பாய் விரித்துப் படுக்க வைக்கத் தொடங்கினோம். அப்போதிலிருந்து இரண்டு மாதங்களாக இரவு என்றாலே எனக்கு அச்சமாக இருக்கிறது.

9 மணிக்குப் படுக்க வைக்கிறேன். தண்ணீர் கேட்கிறாள், கொடுத்ததும் சிறுநீர் வருகிறது என்கிறாள், போய் வந்து படுத்ததும் கொசு கடிக்கிறது என்கிறாள், பிறகு காலையில் எங்கோ வைத்துவிட்ட பொம்மையைத் தேடச் சொல்கிறாள். 9.40 மணிக்கு என் கணவர் பணி முடிந்து வருவார். வண்டிச் சத்தம் வாசலில் கேட்டதும் அவள் பாயிலிருந்து எழுந்து ஓடிவிடுவாள். அதற்குப் பின் இருவரும் விளையாடி, அவர் சாப்பிட்டு முடித்து, மறுபடியும் அவளைப் படுக்கைக்குக் கொண்டுவரும்போது மணி 10.30 ஆகிவிடுகிறது. உண்மையில் கண்ணயர்வது 11.30 மணிக்குத்தான். கூடத்தில் மாமியார் 10 மணி வரை தொடர் பார்ப்பார். அவர் நாள் முழுவதும் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர் என்பதால் அந்த ஒரு மணி நேரத்தையும் நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காலையில் 8.15 மணிக்கு எழுகிறாள். பகலில் 1.30 முதல் 4 மணி வரை அப்பத்தாவின் மடியில் உறங்குகிறாள். வரும் ஜூனில் பள்ளியில் சேர்க்க இருக்கிறோம், வேன் 8.15 மணிக்கே வந்துவிடும் என்கிறார்கள். போன வாரம் பொறுமை இழந்து அவள் தொடையில் ஓர் அடி வைத்துவிட்டேன். அழுதுகொண்டே என் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் உறங்கினாள். அந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. திரும்பவும் தூளியைக் கட்டிவிடலாமா என்றுகூட நினைக்கிறேன். இப்படி ஒரு மாற்றத்தைக் கடந்து வந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற செவிலியர், திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு, 30 ஆண்டுகளுக்கு மேல் குழந்தைகள் பிரிவில் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில், தூளியை மறுபடியும் கட்ட வேண்டாம். எழுந்து நிற்கக் கற்றுக்கொண்ட குழந்தைக்குத் தூளி பாதுகாப்பானது அன்று. விழுவது மட்டும் ஆபத்தில்லை, துணி முறுக்கிக்கொண்டு கழுத்தை இறுக்கிய குழந்தைகளையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். நீங்கள் அவிழ்த்தது சரியான முடிவு.

அடுத்து, நீங்கள் கொடுத்த நேரங்களைக் கூட்டிப் பார்த்தேன். இரவு 11.30 முதல் காலை 8.15 வரை எட்டே முக்கால் மணி நேரம், பகலில் இரண்டரை மணி நேரம், ஆக மொத்தம் பதினொன்றே கால் மணி நேரம். 3 முதல் 5 வயது வரையுள்ள குழந்தைக்குப் பகலுறக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேர உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் 3, 4 வயதினருக்குச் சொன்ன அளவும் அதுவே. உங்கள் மகள் தனக்கு வேண்டிய அளவு உறங்கிக்கொண்டுதான் இருக்கிறாள். 9 மணிக்கு அவள் பிடிவாதம் பிடிக்கவில்லை, அம்மா. அவளுக்கு அப்போது உறக்கமே வரவில்லை. 4 மணிக்குப் பகலுறக்கம் கலைந்த குழந்தை, 9 மணிக்குள் 5 மணி நேரம்தான் விழித்திருக்கிறது. பசியில்லாத பிள்ளையை இலையின் முன் உட்கார வைத்தால் என்ன செய்யுமோ அதைத்தான் அவள் பாயில் செய்கிறாள்.

உறக்கத்தை இரண்டு காரணங்கள் இயக்குகின்றன. விழித்திருக்கும் நேரம் நீள நீள மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போய் உறங்கியாக வேண்டும் என்ற அழுத்தத்தை உண்டாக்குகிறது, இது ஒன்று. மற்றொன்று, மூளைக்குள் இருக்கும் உடற்கடிகாரம். இருட்டத் தொடங்கியதும் பினியல் சுரப்பியிலிருந்து மெலடோனின் சுரக்க வேண்டிய நேரத்தை அதுதான் முடிவு செய்கிறது. இவை இரண்டும் ஒன்றுசேரும் வேளையில் படுக்க வைத்தால் குழந்தை தானாகக் கண் மூடும். அந்த வேளைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு உடல் மிகுந்த விழிப்புடன் இருக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இரவு 9.30 மணிக்குப் பிள்ளைகள் திடீரென்று ஓடியாடிச் சிரிப்பதை நாம் சேட்டை என்று கண்டிக்கிறோம். அது பெரும்பாலும் உடற்கடிகாரத்தின் வேலை.

எனவே 9 மணிக்கு உறங்க வைக்கும் முயற்சியைச் சில நாட்களுக்குக் கைவிடுங்கள். கேட்பதற்கு வியப்பாக இருக்கும், ஆனால் முதல் நான்கைந்து இரவுகளில் அவள் உண்மையாகவே உறங்கும் நேரத்துக்குச் சற்று முன்பு, 11.15 மணிக்குத்தான் பாயில் படுக்க வைக்க வேண்டும். படுத்த கால் மணி நேரத்தில் உறங்கிவிடுவாள். பாய் என்றால் போராட்டம் என்று அவள் மனத்தில் பதிந்திருப்பது அப்போது மெல்ல மாறும். அதே நாட்களில் காலையில் 7.30 மணிக்கு எழுப்பிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் விதிவிலக்கில்லை. எழுந்ததும் மொட்டை மாடியிலோ வாசலிலோ அரை மணி நேரம் வெயில் படட்டும், ஏனென்றால் காலை வெளிச்சம்தான் உடற்கடிகாரத்தை முன்னால் நகர்த்துகிறது. பகலுறக்கத்தை 1 மணிக்குத் தொடங்கி இரண்டரை மணிக்கு முடித்துவிடுங்கள். பிறகு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை படுக்கை நேரத்தைக் கால் மணி நேரம் முன்னுக்குக் கொண்டுவந்தால், மூன்று நான்கு வாரங்களில் 9.15 மணிக்கு அருகில் வந்துவிடலாம். எழுப்பும் நேரத்தையும் சிறிது சிறிதாக 6.45 மணிக்குக் கொண்டுவந்தால் பள்ளி வேனுக்குச் சிரமம் இருக்காது.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், 3 முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளைப் படுக்கைக்கு முந்தைய ஒரு மணி நேரம் பிரகாசமான விளக்கொளியில் விளையாட விட்டபோது மெலடோனின் சுரப்பு ஏறத்தாழ 88 விழுக்காடு குறைந்தது. விளக்கை அணைத்து 50 நிமிடங்கள் ஆன பின்பும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது மீளவில்லை. பிள்ளைகளின் கண்மணி நம்முடையதைவிட விரிந்தது, விழியாடியும் தெளிவானது. ஆகவே நமக்குச் சாதாரணமாகத் தெரியும் குழல்விளக்கு அவர்களுக்கு அதிக வெளிச்சம். கடைசி ஒரு மணி நேரம் சுவரை ஒட்டி ஒரு சிறிய மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் போதும். கைப்பேசி அந்த நேரத்தில் அவள் கையில் இருக்கவே கூடாது.

படுப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் நாள்தோறும் ஒரே வரிசையில் நடக்கட்டும்: வெதுவெதுப்பான நீரில் உடம்பு கழுவுதல், பால், பல் துலக்குதல், சிறுநீர், ஒரு கதை, விளக்கணைப்பு. வெந்நீர் பட்டதும் கை கால்களின் இரத்தக் குழாய்கள் விரிந்து, பின்பு உடலின் உள்வெப்பம் தணிகிறது. உறக்கம் வருவதற்கு அந்தத் தணிவு வேண்டும். பங்குனி வெயிலில் உங்கள் ஊர் கொதிக்கும் என்பதால் அறையில் காற்றோட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கணைத்த பின் அவளைத் தனியே அழ விட வேண்டியதில்லை. அருகில் இருங்கள், பேச்சை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2: இரவு தாமதமாக வீடு திரும்பும் தந்தை, ஓசூர்

உங்கள் கணவரின் இடத்தில் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன். என் பணி நேரமும் அப்படித்தான். வாசலில் வண்டியை நிறுத்தும்போது மகன் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வதுதான் நாள் முழுவதும் நான் எதிர்பார்த்திருந்த ஒரே மகிழ்ச்சி. அதை விட்டுக்கொடுங்கள் என்று மனைவி சொன்னபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. நான் அவனுக்கு அப்பாவாக இருப்பது அந்த முக்கால் மணி நேரம் மட்டும்தான் என்று வாதாடினேன். ஆகவே அவரிடம் பேசும்போது குற்றம் சாட்டுவது போல் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நாங்கள் கண்ட தீர்வு விளையாட்டை நிறுத்துவதன்று, காலைக்கு மாற்றுவது. நான் 6.30 மணிக்கு எழுந்துகொண்டேன். 7 மணிக்கு மகனை எழுப்பி, அவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போவோம். குதிரை விளையாட்டும் மல்யுத்தமும் இப்போது அந்த நேரத்தில்தான். இரவில் நான் வரும்போது வண்டியைத் தெருவிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருவேன். அவன் விழித்திருந்தால் கை கால் கழுவிவிட்டு நேராக இருட்டறைக்குள் போய்ப் படுத்து, ஒரு கதையை நான் சொல்வேன். இருட்டில், மெல்லிய குரலில், ஒரே கதை. ஒரு மாட்டு வண்டி ஊர் ஊராகப் போய் ஒவ்வோர் ஊரிலும் ஒருவரை இறக்கிவிடும், அவ்வளவுதான். கதையில் சண்டையும் இல்லை, சிரிப்பும் இல்லை. மூன்றாவது ஊரைத் தாண்டி அவன் விழித்திருந்த இரவுகள் குறைவு.

தண்ணீர், சிறுநீர், கொசு என்ற வரிசை எங்கள் வீட்டிலும் இருந்தது. அதற்குக் குழந்தைகள் மனநல ஆலோசகர் ஒருவர் ஒரு வழி சொன்னார். அமெரிக்காவில் 1999-இல் ஆய்வாக வெளியிடப்பட்ட முறையாம். குழந்தையின் கையில் இரவுக்கு ஒரே ஒரு சீட்டைக் கொடுக்க வேண்டும். படுத்த பின் அந்தச் சீட்டைக் கொடுத்து ஒரு முறை எழுந்து வரலாம் அல்லது ஒன்றைக் கேட்டுப் பெறலாம். சீட்டு போய்விட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தை வெட்டி, அதில் பேருந்துப் படம் வரைந்து "டிக்கெட்" என்று எழுதிக் கொடுத்தேன். முதல் இரவு ஐந்தே நிமிடத்தில் தண்ணீருக்காகக் கொடுத்துவிட்டு, சீட்டைத் திருப்பித் தா என்று அரை மணி நேரம் அழுதான். நான் அருகில் அமர்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேனே தவிர, சீட்டைத் திருப்பவில்லை. நான்காவது இரவு, பிறகு எதற்காவது வேண்டியிருக்கும் என்று அதை இரு கைகளாலும் இறுகப் பிடித்தபடி உறங்கிவிட்டான். காலையில் அட்டை வியர்வையில் நனைந்து வளைந்திருந்தது. இன்னும் எடுத்து வைத்திருக்கிறேன்.

3 வயது நிறைந்து, "ஒன்று கொடுத்தால் ஒன்று கிடைக்கும்" என்பது புரிகிற குழந்தைக்கு இது பொருந்தும். கேட்பதை நியாயமாக நிறைவேற்ற வேண்டும் என்பது முக்கியம். சீட்டைக் கொடுத்துத் தண்ணீர் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். ஏமாற்றினால் அடுத்த நாள் அந்தச் சீட்டுக்கு மதிப்பே இருக்காது.

மறுமொழி 3: ஐந்து பேரக்குழந்தைகளின் பாட்டி, காரைக்குடி

மகளே, நீ உன் பிள்ளையை அடித்ததை நினைத்து உறங்காமல் இருந்தாய் என்று படித்தபோது என் வயிறு கலங்கியது. அது எல்லாத் தாய்க்கும் நேர்ந்திருக்கிறது. மறுபடி நேராமல் பார்த்துக்கொள், போதும். செவிலியர் அம்மா சொன்ன கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தூளியைப் பற்றி அவர் சொல்லாத ஒன்றை நான் சொல்ல வேண்டும்.

தூளி என்பது ஆட்டம் மட்டும் இல்லை. அதற்குள் படுத்த பிள்ளையை நான்கு பக்கமும் துணி அணைத்துக்கொண்டிருக்கும், வெளிச்சம் மங்கியிருக்கும், தாயின் சேலை வாடை மூக்கருகே இருக்கும், மேலே ஆட்டம், கூடவே தாலாட்டு. உன் மகள் பாய்க்கு வந்த அன்று இவை அத்தனையையும் ஒரே நாளில் இழந்துவிட்டாள். அகன்ற பாயில் நடுவில் கிடத்தப்பட்ட பிள்ளைக்கு எல்லாத் திசையும் வெட்டவெளி. அதனால்தான் உருண்டுகொண்டே இருப்பாள். ஆட்டத்தைத் தவிர மற்றவற்றை நீ திருப்பிக் கொடுக்கலாம். பாயைச் சுவரோரம் தள்ளிப் போடு. தூளி கட்டிய அந்தச் சேலையையே, கஞ்சி போடாமல் துவைத்து, நான்காக மடித்துப் பாயின் மேல் விரி. ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் நீ. அவள் கை நீட்டினால் உன் மேல் படட்டும்.

பிறகு பாடு. உனக்குப் பாட வராது என்று சொல்லாதே. பிள்ளை குரலின் அழகைக் கேட்பதில்லை. தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டி ஒலியெழுப்புவதால் தாலாட்டு என்று ஆனதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் மூன்றாவதாகத் தாலப் பருவத்தை வைத்தார்கள் நம் புலவர்கள். எங்கள் பக்கத்துத் தாலாட்டில் மாமன் கொண்டுவரும் சீரையெல்லாம் வரிசையாக அடுக்கிக்கொண்டே போவோம். அந்த அடுக்கு முடிவதே இல்லை, முடியவும் கூடாது, ஏனென்றால் கதை போல அடுத்து என்ன என்று பிள்ளையைக் கேட்க வைத்தால் அது விழித்துக்கொள்ளும். பாடத் தொடங்கும்போது முதுகில் தட்டும் கை பாட்டோடு போக வேண்டும். பிறகு தட்டுவதை மெதுவாக்கு. சொற்களை விட்டுவிட்டு ராகத்தை மட்டும் இழு. மூச்சு மாறியதும் தட்டுவதை நிறுத்து, ஆனால் கையை உடனே எடுக்காதே. உள்ளங்கை முதுகிலேயே கனமாகச் சிறிது நேரம் கிடக்கட்டும். அவசரப்பட்டுக் கையை எடுத்ததால் விழித்துக்கொண்ட பிள்ளைகளை என் வாழ்வில் எத்தனையோ முறை மறுபடி தட்டியிருக்கிறேன்.

ஒன்றில் மட்டும் எனக்குச் செவிலியர் அம்மாவோடு உடன்பாடில்லை. இரண்டரை மணிக்கே பிள்ளையை எழுப்பினால் மாலை 6 மணிக்கு ஓய்ந்துபோய், விளக்கு வைக்கும் நேரத்தில் அழுதுகொண்டே மறுபடி உறங்கிவிடும். அப்படி உறங்கினால் இரவு 12 மணிக்கும் அது படுக்காது. நாள்தோறும் அந்தப் பிள்ளையோடு இருக்கப்போவது மாமியார் என்பதால் அவரிடம் முதலில் பேசு.

இன்னொன்று. பூச்சாண்டி வருவான், போலீஸ்காரர் பிடித்துக்கொண்டு போவார் என்று பயமுறுத்தி உறங்க வைக்கும் வழக்கம் வீட்டில் இருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். நானும் என் மூத்த மகனிடம் அப்படிச் செய்தவள்தான். பத்து வயது வரை அவன் தனியாகக் கொல்லைப்பக்கம் போக அஞ்சினான். உறங்கட்டும் என்று கசகசா அரைத்துப் பாலில் கொடுக்கச் சொல்வார்கள், அதையும் கேட்காதே.

மறுமொழி 4: ஓய்வுபெற்ற செவிலியர், திருச்சி

பாட்டி அம்மா சொல்வது நியாயம். பகலுறக்கத்தை ஒரே நாளில் ஒரு மணி நேரம் வெட்டியிருக்கக் கூடாது. மூன்று நாட்களுக்கு ஒரு முறை 15 நிமிடங்கள் குறைத்து வாருங்கள். மாலை 6 மணிக்குச் சோர்ந்தால் வீட்டுக்குள் வைத்திருக்காமல் வெளியே அழைத்துச் சென்று நடக்க விடுங்கள், இரவு உணவை 7 மணிக்குள் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலான குழந்தைகள் 5 வயதுக்குள் பகலுறக்கத்தைத் தாமாகவே விட்டுவிடுவார்கள் என்பதையும் மாமியாரிடம் சொல்லி வையுங்கள். கசகசாவைப் பற்றிச் சொன்னது மிகச் சரி. அதன் மேல் அபின் செடியின் பால் ஒட்டியிருக்கக்கூடும், சிறு குழந்தைகளுக்கு அது மூச்சையே பாதிக்கலாம்.

வரிசையான படுக்கைப் பழக்கம் உண்மையில் பயன் தருமா என்று ஒரு தாய் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். 405 தாய்மார்களையும் அவர்களின் குழந்தைகளையும் கொண்டு நடத்தி 2009-இல் வெளியான ஆய்வில், குளியல், உடம்பு பிடித்துவிடுதல், அமைதியான விளையாட்டு என்ற வரிசையை இரண்டு வாரங்கள் கடைப்பிடித்த வீடுகளில் குழந்தைகள் விரைவாக உறங்கினார்கள், இரவில் விழிப்பதும் குறைந்தது. தாய்மார்களின் மனநிலையும் மேம்பட்டது. எனக்கு அந்தக் கடைசிச் செய்திதான் முக்கியமாகப் படுகிறது.

மறுமொழி 5: ஈரோட்டுத் தாய்

மேலே சொன்ன அனைத்தையும் நாங்கள் செய்தும் பலன் கிடைக்காமல் போனதால் இதை எழுதுகிறேன். என் மகன் படுத்ததும் கால்களை உதைத்துக்கொண்டே இருப்பான். காலில் எறும்பு ஊர்கிறது என்பான். விளக்கைப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. பிடித்துவிட்டால் சிறிது நேரம் அடங்கும். ஓராண்டு காலம் அதைச் சாக்குப்போக்கு என்றே நினைத்தோம். பிறகு ஒரு குழந்தை மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். உடம்பில் சேமிப்பாக இருக்க வேண்டிய இரும்புச்சத்தைக் காட்டும் பெரிட்டின் அளவு மிகவும் குறைவாக இருந்தது. இரும்புச்சத்து குறைந்தால் இரவில் கால்களில் இப்படி ஓர் அமைதியின்மை உண்டாகும் என்று அவர் விளக்கினார். அவர் சொன்ன அளவில் மூன்று மாதங்கள் மருந்து கொடுத்த பிறகு உதைப்பது அடங்கியது. தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆகவே இது அபூர்வமாக ஒரு வீட்டில் நடப்பதன்று.

அதற்கு முன்பு வேறோர் இடத்தில், பிள்ளை உறங்குவதற்காகச் சளி மருந்தைக் கொடுக்கச் சொன்னார்கள். சில நாட்கள் கொடுத்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்துகளை 4 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று புட்டியிலேயே அச்சிட வேண்டும் என இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. தயவுசெய்து யாரும் உறக்கத்துக்காக அதைத் தொடாதீர்கள். குழந்தை நாள்தோறும் குறட்டை விட்டாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தாலோ அதையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூக்கின் பின்புறச் சதையும் டான்சிலும் வீங்கியிருக்கலாம்.

மறுமொழி 6: திருப்பூர்த் தாய்

24 நாட்கள் கழித்து எழுதுகிறேன். பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் என் நன்றி.

11.15 மணிக்குப் படுக்க வைப்பது என்ற யோசனையைக் கணவர் முதலில் நம்பவில்லை. முதல் இரவே 12 நிமிடங்களில் உறங்கிவிட்டாள். இரண்டு மாதங்களுக்குப் பின் சத்தமில்லாமல் கழிந்த இரவு அதுதான். பிறகு நேரத்தை முன்னுக்கு நகர்த்தும்போது 10.15 மணியில் ஒரு வாரம் சிக்கிக்கொண்டோம். எவ்வளவு செய்தும் கீழே இறங்கவில்லை. பகலுறக்கத்தைப் பார்த்தால், நான் அலுவலகத்தில் இருக்கும்போது மாமியார் மனம் இளகி மூன்றரை மணி வரை விட்டிருக்கிறார். நான் கோபப்படாமல் பாட்டி அம்மா எழுதியதைப் படித்துக் காட்டினேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் மாமியாரும் இப்படித்தான் பாடுவார்" என்றார். மறுநாள் முதல் படுக்கையறையில் பாடுவது அவர்தான். தொடரை மறுநாள் பகலில் மறு ஒளிபரப்பில் பார்த்துக்கொள்கிறேன் என்று அவராகவே சொன்னார்; நான் கேட்கவில்லை.

தூளிச் சேலையை மடித்து விரித்த அன்று மகள் அதன் ஓரத்தை முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டுதான் இப்போதும் உறங்குகிறாள். சீட்டு முறை எங்களுக்கு அவ்வளவாகப் பலன் தரவில்லை. இரண்டு முறை அதைக் கிழித்துப் போட்டுவிட்டாள். ஆறு மாதம் கழித்து மறுபடி முயன்று பார்க்கலாம் என்று இருக்கிறேன். குலதெய்வக் கோயில் பொங்கலுக்குப் போய் வந்த இரவு எல்லாம் கலைந்து 12 மணி ஆனது. ஆனாலும் மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கே எழுப்பிவிட்டதால் அன்று மாலையே பழைய வரிசைக்குத் திரும்பிவிட்டாள்.

ஈரோட்டுச் சகோதரி எழுதியதைப் படித்துவிட்டு இரத்தப் பரிசோதனையும் செய்தோம். ஹீமோகுளோபின் 10.2 இருந்தது, இந்த வயதில் 11-க்குக் குறையக் கூடாதாம். மருத்துவர் இரும்புச்சத்து மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

கணவருக்குத்தான் இது கடினமாக இருக்கிறது. வாரத்தில் நான்கு நாட்கள் அவர் வரும்போது அவள் உறங்கிவிட்டிருக்கிறாள். காலையில் 6.45 மணிக்கு அவரே எழுப்பி மாடிக்குத் தூக்கிப் போகிறார். இருவரும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இதை எழுதும்போது மணி 9.40. தெருமுனையிலேயே வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருகிறார். சக்கரச் சத்தம் மட்டும் கேட்கிறது. அவள் ஒரு முறை புரண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.